தேயிலைச் செடியின் பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஆர்என்ஏ திருத்தம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

1991ஆம் ஆண்டு மக்காச்சோளத்தின் பசுங்கணிகத்தை ஆராய்ந்தவர்கள், ஆர்பிஎல்2 என்ற மரபணுவின் முகப்பில், புரதத்தைத் தொடங்கி வைக்கும் 'ஏடிஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏசிஜி' இருப்பதைக் கண்டார்கள். அந்த மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட தூது ஆர்என்ஏவிலோ அதே இடத்தில் 'ஏயுஜி' முறையாக அமைந்திருந்தது. டிஎன்ஏவில் இல்லாத ஓர் எழுத்தை, படியெடுத்தல் முடிந்த பிறகு, செல்லே மாற்றி எழுதியிருந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1989இல், கோதுமையிலும் ஈவனிங் ப்ரிம்ரோஸ் செடியிலும் மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏக்கள் இவ்வாறு மாறுவதை மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டியிருந்தன. 'ஆர்என்ஏ திருத்தம்' என்ற பெயர் இன்னும் பழையது. 1986இல் டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியில் கண்ட வேறு வகையான ஒரு நிகழ்வுக்கு அது முதலில் சூட்டப்பட்டது.

தேயிலைச் செடியிலும் இது நாள்தோறும் நடக்கிறது. அதைக் கண்டறிய ஆய்வகத்திலும் கணினியிலும் செய்ய வேண்டியவற்றை, இத்துறைக்குப் புதிதாக வரும் முதுகலை மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து இங்கே வரிசையாக எழுதுகிறேன். மென்பொருளை ஓட்டத் தெரிந்தால் ஒரு பிற்பகலில் ஆயிரம் 'தளங்கள்' (திருத்தம் நடக்கும் இடங்கள்) கொண்ட பட்டியல் கிடைத்துவிடும். அவற்றுள் எவை உண்மையானவை என்று பிரிப்பதற்குத்தான் மாதக்கணக்கில் உழைப்பு தேவைப்படுகிறது. ஆகவே, பிழைகள் நுழையும் வாசல்களைப் பற்றியே இக்கட்டுரையில் அதிகம் பேசுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

பூக்கும் தாவரங்களின் இந்த இரண்டு நுண்ணுறுப்புகளிலும் நடக்கும் திருத்தம் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தது: ஆர்என்ஏவில் உள்ள சைட்டோசின், அதாவது 'சி', தன் அமினோத் தொகுதியை இழந்து யுராசிலாக, அதாவது 'யு'வாக மாறுகிறது. ஆர்என்ஏ இழை எங்கும் வெட்டப்படுவதில்லை; எழுத்து இருந்த இடத்திலேயே மாறுகிறது. வரிசைப்படுத்தும் முன் ஆர்என்ஏவை நிரப்பு டிஎன்ஏவாக மாற்றிவிடுவதால், நம் கண்ணுக்கு 'யு'வுக்குப் பதில் 'டி' தெரியும். எனவே தேடவேண்டியது இதுதான்: ஒரே செடியின் டிஎன்ஏவில் 'சி' இருக்கும் ஓர் இடத்தில், அதன் ஆர்என்ஏவிலிருந்து வந்த வரிசையில் 'டி' இருக்கிறதா? மரபணு எதிர் இழையில் இருந்தால், அதே மாற்றம் 'ஜி'யிலிருந்து 'ஏ'வாகத் தோன்றும்.

எத்தனை தளங்களை எதிர்பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்திருப்பது நல்லது. பூக்கும் தாவரங்களின் பசுங்கணிகத்தில் பொதுவாக 30 முதல் 40 வரையிலான தளங்கள் உண்டு. ஆழமாக வரிசைப்படுத்தினால், மிகக் குறைவாகத் திருத்தப்படும் வேறு சில தளங்களும் தென்படும். மைட்டோகாண்ட்ரியாவில் எண்ணிக்கை சில நூறுகள். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கப்படும் அரபிடாப்சிஸின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களில் மட்டும் 441 தளங்கள் 1999ஆம் ஆண்டிலேயே பட்டியலிடப்பட்டன. உங்கள் தேயிலைப் பட்டியலில் பசுங்கணிகத்துக்கே ஐந்நூறு தளங்கள் வந்தால், புதிய கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்கு முன் வடிகட்டலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் படி: செடியையும் கொழுந்தையும் தேர்ந்தெடுத்தல்

தேயிலை தன் மகரந்தத்தால் தானே எளிதில் கருவுறாத செடி. விதையிலிருந்து வளர்ந்த ஒரு பழைய தோட்டத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகள்கூட மரபணு அளவில் வெவ்வேறாக இருக்கும். பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் தாய்வழியாக வருவதால் அவற்றில் வேறுபாடு குறைவுதான் என்றாலும், அசாம் வகைச் செடியின் பசுங்கணிகமும் சீன வகைச் செடியின் பசுங்கணிகமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. எனவே தண்டுக் கன்றிலிருந்து பெருக்கப்பட்ட, பெயரும் எண்ணும் தெரிந்த குளோன் செடியையே தேர்ந்தெடுங்கள். இலங்கை மலையகத்தில் 'வீபி தேயிலை' என்று சொல்வது இத்தகைய செடிகளைத்தான். வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம், அசாமின் ஜோர்ஹாட்டில் உள்ள டொக்லாய், இலங்கையின் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவை வெளியிட்ட குளோன்களுக்கு முறையான பெயர்கள் உண்டு. பெயர் தெரியாத செடியிலிருந்து பறித்த கொழுந்தில் தொடங்கும் ஆய்வைப் பிற்பாடு யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒரு செடியிலிருந்து டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்திருந்தாலும் போதும் என்று சொல்லும் அளவுக்கு இது முக்கியமானது. ஆர்என்ஏவை மட்டும் வரிசைப்படுத்தி, இணையத் தரவுத்தளத்தில் உள்ள வேறொரு குளோனின் மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டால், இரண்டு குளோன்களுக்கும் இடையே இயல்பாக உள்ள எழுத்து வேறுபாடுகள் எல்லாம் 'திருத்தம்' என்ற வேடத்தில் உங்கள் பட்டியலுக்குள் வந்து அமர்ந்துவிடும். பின்னால் எவ்வளவு திறமையான மென்பொருளாலும் அவற்றை முழுமையாக வெளியேற்ற முடியாது.

எந்தத் திசு என்பதும் முக்கியம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் இளங்கொழுந்தில் பசுங்கணிகங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்; முற்றிய இலையில் அவை முழு வளர்ச்சி அடைந்திருக்கும். வேர் போன்ற பச்சையமில்லாத திசுக்களில் சில தளங்களின் திருத்தம் குறைவாக இருப்பது பிற செடிகளில் காட்டப்பட்டிருக்கிறது. மொட்டையும் முதல் இலையையும் மூன்றாம் இலையையும் ஒரே பொட்டலத்தில் கலந்துவிட்டால், பின்னால் கிடைக்கும் எண் எந்த நிலையைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாது. தனித்தனியாகக் கிள்ளி, தனித்தனி உறையில் இட்டு, கிள்ளிய மணி நேரத்தையும் அன்றைய வெப்பநிலையையும் கவாத்து செய்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று தனிச் செடிகளிலிருந்து மாதிரி வேண்டும். ஒரே செடியின் கொழுந்தை மூன்றாகப் பிரித்தால் அது மூன்று மாதிரியாகாது. கிள்ளிய கொழுந்தைத் திரவ நைட்ரஜனில் உடனே உறைய வைக்க வேண்டும். மலைச்சரிவில் அது முடியாதபோது ஆர்என்ஏவைக் காக்கும் கரைசலை முன்பே குழாய்களில் நிரப்பி எடுத்துச் செல்லலாம். இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி இட்டால்தான் கரைசல் உள்ளே ஊறும்.

இரண்டாம் படி: ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்தல்

தேநீருக்குச் சுவை தரும் பாலிஃபீனால்கள்தாம் தேயிலை ஆய்வாளருக்கு முதல் சோதனை. இலையை அரைத்ததும் அவை காற்றுப்பட்டு ஆக்சிகரணமடைந்து, நியூக்ளிக் அமிலங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் அடியில் வெண்மையாகப் படிய வேண்டிய வண்டல், கருப்பட்டி நிறத்தில் பிசுபிசுவென்று படியும். அதைக் கரைத்தாலும் நொதிகள் அதன்மேல் வேலை செய்யா. நான் முதன்முதலில் பிரித்தெடுத்த ஆர்என்ஏ அப்படித்தான் இருந்தது. எந்த அவசரம் இருந்தாலும் அத்தகைய வண்டலைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

செல்களை உடைத்துக் கரைக்கும் சிடிஏபி கரைசலில் பாலிவினைல் பைரோலிடோனையும் பீட்டா மெர்காப்டோ எத்தனாலையும் சேர்த்து, முன்கூட்டியே சூடாக்கி வைத்து, உறைந்த தூள் உருகுவதற்கு முன்பே அதில் கொட்டிக் கலக்குவது தேயிலைக்கு நன்றாக ஒத்துவரும் முறை. பாலிவினைல் பைரோலிடோன் பாலிஃபீனால்களைப் பற்றிக்கொள்கிறது. மெர்காப்டோ எத்தனால் ஆக்சிகரணத்தைத் தடுக்கிறது. குளோரோஃபாம் கொண்டு இருமுறை கழுவிய பின், லித்தியம் குளோரைடால் ஆர்என்ஏவைப் படிய வைத்தால் பல்சர்க்கரைகளும் டிஎன்ஏவும் பெருமளவு மேலேயே தங்கிவிடும். 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களுக்கான ஒளி உறிஞ்சல் விகிதம் 2ஐ ஒட்டி இருந்தால் மட்டும் திருப்தி அடையாமல், 260க்கும் 230க்குமான விகிதத்தையும் பாருங்கள். தேயிலையில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது விகிதம்தான்.

அடுத்து, எஞ்சியிருக்கும் டிஎன்ஏவை டிஎன்ஏஸ் நொதியால் அழிக்க வேண்டும். ஓர் இலைச் செல்லில் பசுங்கணிக டிஎன்ஏ நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான படிகளாக இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு ஆர்என்ஏ மாதிரியில் தங்கினாலும், திருத்தப்படாத 'சி'க்கள் அங்கிருந்து வந்து சேர்ந்து, முழுமையாகத் திருத்தப்பட்ட ஒரு தளத்தை 'பாதி திருத்தப்பட்டது' என்று காட்டிவிடும். டிஎன்ஏஸ் இட்ட பிறகு, ஆர்என்ஏவை நிரப்பு டிஎன்ஏவாக மாற்றும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைச் சேர்க்காத ஒரு குழாயையும் வைத்துப் பிசிஆர் செய்யுங்கள். அந்தக் குழாயில் பட்டை தெரிந்தால் டிஎன்ஏ இன்னும் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் படி: எந்த வகை வரிசைப்படுத்தல்

உட்கருவின் தூது ஆர்என்ஏக்களுக்கு முடிவில் நீண்ட 'ஏ' வால் உண்டு. வழக்கமான ஆர்என்ஏ வரிசைப்படுத்தலில் அந்த வாலைப் பிடித்துத்தான் அவற்றை இழுத்தெடுக்கிறார்கள். நுண்ணுறுப்புகளிலோ அந்த வால் பெரும்பாலும் சிதைவுக்கு அனுப்பப்படும் ஆர்என்ஏவின் அடையாளம். எனவே வாலைப் பிடித்துத் தயாரித்த நூலகத்தில் (வரிசைப்படுத்தலுக்கான துண்டுகளின் தொகுப்பில்) பசுங்கணிக, மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏக்கள் குறைவாகவும் ஒருதலைப்பட்சமாகவும் வரும். சொந்தமாக வரிசைப்படுத்தும் வாய்ப்பு இருந்தால், ரைபோசோம் ஆர்என்ஏவை மட்டும் நீக்கிய மொத்த ஆர்என்ஏவிலிருந்து, இழைத் திசையைக் காக்கும் நூலகத்தைக் கேளுங்கள். ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் பொருள் தாவரத்துக்கானதா, பசுங்கணிகத்தின் ரைபோசோம் ஆர்என்ஏவையும் நீக்குமா என்று முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பணத்தின் பெரும்பகுதி அதைப் படிப்பதிலேயே போய்விடும்.

பொதுத் தரவுத்தளங்களில் கிடக்கும் தேயிலைத் தரவுகளில் பெரும்பாலானவை உட்கரு மரபணுக்களை நோக்கி எடுக்கப்பட்டவை. அவற்றைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ஒரு தளம் இருக்கிறது என்று சொல்லவும் எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். எத்தனை விழுக்காடு திருத்தப்பட்டது என்ற அளவை மட்டும் அவற்றிலிருந்து எடுக்காமல் இருப்பது நல்லது.

நான்காம் படி: ஒப்பிடுவதற்கான மரபணுத்தொகுதி

தேயிலையின் பசுங்கணிக மரபணுத்தொகுதி ஏறத்தாழ 1,57,000 எழுத்துகள் கொண்டது. அதில் ஒரு பெரிய தனிப்பகுதி, ஒரு சிறிய தனிப்பகுதி, இவற்றுக்கு இடையே எதிரெதிர்த் திசையில் இருமுறை வரும் சுமார் 26,000 எழுத்துகள் கொண்ட மறுவரிசைப் பகுதி ஆகியவை உள்ளன. இந்த மறுவரிசையை இரண்டு தடவையும் வைத்திருந்தால், வரிசைப்படுத்தலில் அங்கிருந்து படிக்கப்பட்டு வரும் ஒவ்வொரு சிறு துண்டும் இரண்டு இடங்களில் சமமாகப் பொருந்தி, 'பலவிடப் பொருத்தம்' என்று ஒதுக்கப்பட்டுவிடும். பூக்கும் தாவரங்களின் பசுங்கணிகத்தில் அதிகத் திருத்தத் தளங்கள் கொண்ட என்டிஹெச்-பி மரபணு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை முழுவதுமாக இழந்துவிட்டு, தேயிலையில் அங்கே தளமே இல்லை என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பொருத்துவதற்கு முன் மறுவரிசையின் ஒரு படியை நீக்கிவிடுங்கள். இந்த மரபணுத்தொகுதி வட்டமானது, கோப்பில் நேர்க்கோடாக வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. வெட்டிய இடத்தின் இருபுறமும் துண்டுகள் குறைவாகவே பொருந்தும்.

மைட்டோகாண்ட்ரியாவின் தொகுதி இதைவிடப் பல மடங்கு பெரியது; தேயிலையில் வெளியிடப்பட்டவை ஏழு லட்சம் எழுத்துகளை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கின்றன, குளோனுக்குக் குளோன் அமைப்பும் மாறுகிறது. அதனுள் பசுங்கணிகத்திலிருந்து என்றோ குடியேறிய துண்டுகளும் கலந்துள்ளன. உட்கருவிலும், சுமார் 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே, இரண்டு நுண்ணுறுப்புகளின் துண்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே மூன்று தொகுதிகளையும் ஒரே கோப்பாக இணைத்து அதன்மேல் பொருத்துங்கள். பசுங்கணிகத்தை மட்டும் வைத்துப் பொருத்தினால், மற்ற இடங்களிலிருந்து வந்த துண்டுகளுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் அவையும் பசுங்கணிகத்திலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: பொருத்துதல்

முதலில் தரம் குறைந்த முனைகளையும் நூலகத் தயாரிப்பில் ஒட்டிய செயற்கை வரிசைகளையும் வெட்டி நீக்குங்கள். ஃபாஸ்ட்பி போன்ற கருவி போதும். பிறகு ஆர்என்ஏவுக்கு ஹைசாட்2 அல்லது ஸ்டார், டிஎன்ஏவுக்கு பிடபிள்யுஏ என்று பொருத்தலாம். ஆர்என்ஏவுக்கு இடைவெளியைத் தாண்டிப் பொருத்தும் கருவி வேண்டும், ஏனெனில் நுண்ணுறுப்பு மரபணுக்கள் பலவற்றில் இன்ட்ரான்கள், அதாவது ஆர்என்ஏவிலிருந்து பிறகு வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதிகள், உள்ளன. பசுங்கணிகத்தின் ஆர்பிஎஸ்12, மைட்டோகாண்ட்ரியாவின் என்ஏடி1, என்ஏடி2, என்ஏடி5 போன்றவற்றில் தொலைவில் உள்ள துண்டுகள் தனித்தனி ஆர்என்ஏக்களாகப் படியெடுக்கப்பட்டுப் பிறகே இணைக்கப்படுகின்றன.

கருவிகளின் இயல்பான அமைப்பை அப்படியே விட்டுவிடுவது இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு. மைட்டோகாண்ட்ரியாவின் சிசிஎம் குடும்ப மரபணுக்களில் திருத்தத் தளங்கள் நெருக்கமாக இருக்கும். 150 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டில் ஐந்தாறு 'சி'க்கள் 'டி'யாக மாறியிருக்கலாம். நான்கு பொருந்தாமைகளுக்கு மேல் இருந்தால் தள்ளிவிடு என்று கருவிக்குச் சொல்லியிருந்தால், முழுமையாகத் திருத்தப்பட்ட துண்டுகள் தள்ளப்பட்டு, திருத்தப்படாதவை மட்டும் மிஞ்சும். நன்றாகத் திருத்தப்படும் மரபணுவே குறைவாகத் திருத்தப்படுவதுபோல் தோன்றும். எனவே பொருந்தாமைக்கான வரம்பைத் துண்டின் நீளத்தில் ஏழெட்டு விழுக்காடு வரை உயர்த்தி, அதனால் கூடும் தவறான பொருத்தங்களை அடுத்த படியில் வடிகட்டுங்கள். மாற்றாக, முதல் சுற்றில் கண்ட தளங்களை 'டி' என்று எழுதிய இரண்டாவது ஒப்பீட்டு வரிசை ஒன்றைச் செய்து, இரண்டின்மேலும் பொருத்திப் பார்க்கலாம். இரண்டாவது வழி உழைப்பு மிகுந்தது. நான் அதையே விரும்புகிறேன்.

ஆறாம் படி: தளங்களை எடுத்தலும் வடிகட்டலும்

சாம்டூல்ஸ் மூலம் ஒவ்வோர் இடத்திலும் எந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்று எண்ணலாம். ரெடிடூல்ஸ், ஜக்குசா போன்றவை டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எண்ணித் தரும். திருத்த விகிதம் என்பது, 'டி' காட்டும் துண்டுகளை 'சி'யும் 'டி'யும் காட்டும் மொத்தத் துண்டுகளால் வகுப்பது. ஓரிடத்தில் 240 துண்டுகள் வந்து, அவற்றில் 192இல் 'டி'யும் 48இல் 'சி'யும் இருந்தால், திருத்தம் 80 விழுக்காடு. தொடக்கத்துக்கு, எழுத்தின் தர மதிப்பெண் 30க்குக் குறையாமலும், துண்டுகள் 20க்குக் குறையாமலும், திருத்தம் 10 விழுக்காட்டுக்குக் குறையாமலும், மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது காணப்படுவதுமாக வைத்துக்கொள்ளுங்கள். இவை நான் வைத்துக்கொள்ளும் வரம்புகள். தரவின் ஆழத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முடிவைப் பார்த்த பிறகு மாற்றக் கூடாது.

அதே செடியின் டிஎன்ஏவில் அந்த இடம் ஐயமின்றி 'சி'யாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இலை டிஎன்ஏவை வரிசைப்படுத்தும்போது பசுங்கணிகத்தின்மேல் ஆயிரக்கணக்கான துண்டுகள் குவியும். உட்கருவின்மேல் முப்பது நாற்பதுதான் இருக்கும். எனவே 3,000 துண்டுகளில் 30இல் மட்டும் 'டி' தெரிந்தால், அது உட்கருவில் ஒளிந்திருக்கும் பழைய படியின் குரலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக உண்மையான தளத்தை நீக்கிவிடத் தேவையில்லை. நேர்மாறாக, மைட்டோகாண்ட்ரியாவில் குடியேறிய பசுங்கணிகத் துண்டுகளின்மேல் தெரியும் எந்த மாற்றத்தையும் நம்பாதீர்கள். இலையில் பசுங்கணிக ஆர்என்ஏ அத்தனை மிகுதியாக இருப்பதால் அங்கே சேருபவற்றில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும். அந்தப் பகுதிகளைப் பட்டியலிட்டு முழுவதும் விலக்கிவிடுவதே பாதுகாப்பு.

மாற்றம் துண்டின் முதல் சில எழுத்துகளில் மட்டும் தெரிகிறதா என்றும் பாருங்கள். தலைகீழ்ப் படியெடுப்பைத் தொடங்கி வைக்கும் ஆறெழுத்துப் ப்ரைமர்கள் (சிறு தொடக்க இழைகள்) சரியாகப் பொருந்தாமலே ஒட்டிக்கொள்ளக் கூடியவை; அந்தப் பொருந்தாமை துண்டின் முனையில் பதிவாகும். இன்ட்ரான் எல்லையை ஒட்டிய இரண்டு மூன்று எழுத்துகளும் அப்படியே. கடத்து ஆர்என்ஏக்களில் வேதி மாற்றங்கள் பல உள்ளன; பசுங்கணிகத்தின் ஆர்ஜினின் கடத்து ஆர்என்ஏ ஒன்றில் 'ஏ' இனோசினாக மாறி 'ஜி'யாகத் தெரிவது உண்மையான நிகழ்வுதான், ஆனால் நாம் தேடும் திருத்தம் வேறு.

எல்லா வடிகட்டலும் முடிந்தபின், மிஞ்சிய மாற்றங்களை இழைத் திசையைக் கணக்கில் கொண்டு பன்னிரண்டு வகைகளாகப் பிரித்து எண்ணுங்கள். மிகப் பெரும்பான்மை 'சி'யிலிருந்து 'டி'யாக இருக்க வேண்டும். 'ஏ'யிலிருந்து 'ஜி', 'டி'யிலிருந்து 'சி' என்று மற்ற வகைகளும் கணிசமாக வந்தால், அவற்றைப் புதுவகைத் திருத்தம் என்று எழுதிவிடாதீர்கள். ஹார்ன்வொர்ட் எனப்படும் எளிய நிலத் தாவரங்களில் 'யு'விலிருந்து 'சி'யாகும் திருத்தம் ஏராளமாக நடக்கிறது என்றாலும், தேயிலை அந்த இனத்தைச் சேர்ந்தது அல்ல. அந்த மற்ற வகைகள், உங்கள் பட்டியலில் எவ்வளவு பிழை இன்னும் தங்கியிருக்கிறது என்பதன் அளவுகோல்.

தளத்தைக் கண்ணால் பார்த்தல்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பசுங்கணிகத் தளத்தையும், மைட்டோகாண்ட்ரியாத் தளங்களில் ஐயத்துக்குரியவற்றையும், பொருத்திய துண்டுகளைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளின் திரையில் திறந்து பாருங்கள். உண்மையான தளம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது. சாம்பல் நிறத் துண்டுகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடக்கும். அவற்றின் நடுவே ஒரே ஓர் இடத்தில் செந்நிறக் கோடு மேலிருந்து கீழாக நேராக இறங்கும். சில துண்டுகளில் அந்த இடம் துண்டின் தலையிலும், சிலவற்றில் நடுவிலும், சிலவற்றில் வாலிலும் விழும். கீழே வைத்த டிஎன்ஏ தடத்தில் அதே இடம் முழுவதும் சாம்பலாகவே இருக்கும். பொய்யான தளமோ வேறுவிதம்: நிறக்கோடுகள் எல்லாம் துண்டுகளின் ஒரே முனையில் கூடியிருக்கும், அல்லது ஒரே துண்டில் ஏழெட்டு வெவ்வேறு நிறங்கள் சேர்ந்து வரும்.

குறியனில் நேரும் மாற்றம்

இனி ஒவ்வொரு தளமும் புரதத்தில் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். தளங்களில் பெரும்பாலானவை மூவெழுத்துக் குறியனின் இரண்டாம் இடத்தில் அமையும்: 'யுசிஏ' என்ற செரின் 'யுயுஏ' என்ற லியூசினாகும், 'சிசிஏ' என்ற புரோலின் 'சியுஏ' என்ற லியூசினாகும். நீரை விரும்பும் அமினோ அமிலத்தின் இடத்தில் நீரை வெறுக்கும் அமினோ அமிலம் வருவது பொதுவான போக்கு. சவ்வில் அமரும் புரதங்களுக்கு அது தேவைப்படுகிறது. 'சிஜிஜி' என்ற ஆர்ஜினின் 'யுஜிஜி' என்ற டிரிப்டோஃபானாகும் மாற்றத்துக்கு ஒரு வரலாறே உண்டு: திருத்தம் கண்டறியப்படுவதற்கு முன், தாவர மைட்டோகாண்ட்ரியாவில் 'சிஜிஜி' டிரிப்டோஃபானைக் குறிக்கும் தனி மொழி இருப்பதாகவே கருதினார்கள். 'சிஜிஏ' என்பது 'யுஜிஏ' ஆகி, புதிய நிறுத்தக் குறியன் உருவாவதும் உண்டு. பல செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி9 மரபணு அப்படித்தான் முடிகிறது.

ஒரே குறியனில் இரண்டு தளங்கள் இருந்தால் தனித்தனியாகக் கணக்கிடாதீர்கள். 'சிசிஏ'வின் முதல் எழுத்து மட்டும் மாறினால் செரின், இரண்டாவது மட்டும் மாறினால் லியூசின், இரண்டும் மாறினாலும் லியூசின். ஒரே துண்டில் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று எண்ணினால்தான் உண்மையில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாகக்கூடும் என்று தெரியும்.

ப்ரெப், ப்ரெபாக்ட் போன்ற கணிப்புக் கருவிகள் மரபணு வரிசையைக் கொடுத்தால், மற்றச் செடிகளின் புரதத்தோடு ஒப்பிட்டு எங்கே திருத்தம் தேவைப்படும் என்று சொல்லும். வேலையைத் தொடங்க அவை உதவும். ஆனால் புரதத்தை மாற்றாத தளங்களையும் மரபணுக்களுக்கு வெளியே உள்ள தளங்களையும் அவற்றால் காண முடியாது. கணித்தது எல்லாம் நடக்கும் என்பதும் இல்லை. கணிப்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, தேயிலையில் இத்தனை தளங்கள் 'கண்டறியப்பட்டன' என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 'கணிக்கப்பட்டன' என்ற சொல் அதற்காகவே இருக்கிறது.

சாங்கர் முறையில் உறுதிசெய்தல்

முக்கியமான பத்துப் பதினைந்து தளங்களையாவது பழைய சாங்கர் வரிசைப்படுத்தல் முறையில் சரிபாருங்கள். ஒரே ப்ரைமர் இணையால் டிஎன்ஏவையும் நிரப்பு டிஎன்ஏவையும் பெருக்கி, இரண்டின் வரைபடங்களையும் மேலும் கீழுமாக வைத்தால் விடை கண்முன் நிற்கும்: மேலே நீலச் சிகரம் ஒன்று, கீழே அதே இடத்தில் சிவப்புச் சிகரம், அல்லது சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று. நிரப்பு டிஎன்ஏ தயாரிக்க 'டி' வரிசைப் ப்ரைமரைத் தவிர்த்து, ஆறெழுத்துப் ப்ரைமரைப் பயன்படுத்துங்கள். பெருக்கும் ப்ரைமர் தானே ஒரு திருத்தத் தளத்தின்மேல் அமராதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அமர்ந்தால் திருத்தப்பட்டதையோ திருத்தப்படாததையோ மட்டும் அது பெருக்கும். மரபணுவில் இன்ட்ரான் இருந்தால், ப்ரைமர்களை அதன் இருபுறமும் வைப்பது பயனுள்ளது. இன்ட்ரான் நீங்காத ஆர்என்ஏக்களில் திருத்தமும் முடிந்திருக்காது என்பது அடிக்கடி காணப்படுவது. மொத்த ஆர்என்ஏவில் 60 விழுக்காடாகத் தெரியும் தளம், இன்ட்ரான் நீங்கியவற்றில் மட்டும் எண்ணினால் 95ஆக இருக்கலாம்.

அளவு மாறினால் அதற்கு என்ன பொருள்

தளத்தை அடையாளம் காண்பது உட்கருவில் குறியிடப்பட்டு நுண்ணுறுப்புக்குள் அனுப்பப்படும் பிபிஆர் புரதங்களின் வேலை. சுமார் 35 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு அமைப்பு திரும்பத் திரும்ப வந்து நீண்ட வளைவாக அமைந்த புரதங்கள் இவை. ஒவ்வோர் அமைப்பும் ஆர்என்ஏவின் ஓர் எழுத்தைப் பற்றுகிறது. 2005இல் அரபிடாப்சிஸின் சிஆர்ஆர்4 புரதம் என்டிஹெச்-டி மரபணுவின் தொடக்கக் குறியனைத் திருத்தத் தேவை என்று காட்டப்பட்டதுதான் தொடக்கம். இப்புரதங்களில் ஒரு பிரிவின் வாலில் உள்ள டிஒய்டபிள்யு பகுதி அமினோத் தொகுதியை நீக்கும் நொதியாகச் செயல்படுகிறது. எம்ஓஆர்எஃப் எனப்படும் துணைப் புரதங்களும் உடன் வேண்டும்.

தேயிலையில் இந்தக் கேள்விக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. சீனாவின் செஜியாங் மாகாணத்து ஆன்ஜி வெண்தேயிலைச் செடியின் வசந்தகாலக் கொழுந்து, குளிர் நிலவும் நாள்களில் வெளிறி முளைத்து, வெப்பம் ஏறியதும் பச்சையாகிறது. வெளிறிய நிலையில் அதன் அமினோ அமில அளவு மிகுந்திருப்பதால்தான் அந்தத் தேநீருக்கு அத்தனை மதிப்பு. அரபிடாப்சிஸில் எம்ஓஆர்எஃப்2, எம்ஓஆர்எஃப்9 பழுதடைந்தால் செடி வெளுத்துப்போவது தெரியும் என்பதால், வெளிறிய கொழுந்தில் திருத்தம் குறைந்ததைக் கண்டவுடன் காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பசுங்கணிகம் வளராத இலையில் படியெடுப்பு, இன்ட்ரான் நீக்கம், ஆர்என்ஏ சிதைவு எல்லாமே மாறியிருக்கும். திருத்தக் குறைவு வெளிறலின் விளைவாகவும் இருக்கலாம். எல்லாத் தளங்களும் ஒருசேரக் குறைந்திருந்தால் விளைவு என்ற பக்கம் எடை கூடும். இரண்டு மூன்று தளங்கள் மட்டும் பெரிதும் குறைந்து மற்றவை அப்படியே இருந்தால், அவற்றின் முன்னுள்ள இருபது இருபத்தைந்து எழுத்துகளை எடுத்து, எந்தப் பிபிஆர் புரதம் அங்கே அமரும் என்று தேடத் தொடங்கலாம். பெயரளவில் ஒத்த அரபிடாப்சிஸ் புரதத்தைச் சுட்டுவதோடு நில்லாமல், அதன் அமைப்புகளின் ஐந்தாவது, கடைசி அமினோ அமிலங்கள் அந்த எழுத்துகளுக்குப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

பதிவு செய்தல்

இறுதிப் பட்டியலில் ஒவ்வொரு தளத்துக்கும் இவை இருக்க வேண்டும்: ஒப்பிட்ட மரபணுத்தொகுதியின் அணுகல் எண்ணும் அதன் பதிப்பும், அதில் தளத்தின் இட எண், இழைத் திசை, மரபணு, குறியன் மாற்றம், ஒவ்வொரு மாதிரியிலும் 'சி', 'டி' துண்டுகளின் எண்ணிக்கை. விழுக்காட்டை மட்டும் கொடுத்தால், 10இல் 8ஆ, 1,000இல் 800ஆ என்று படிப்பவருக்குத் தெரியாது. மறுவரிசையின் ஒரு படியை நீக்கியிருந்தால் அதையும், பழைய இட எண்களுக்கு மாற்றிய முறையையும் எழுதுங்கள். வடிகட்டலில் விலக்கிய தளங்களை, விலக்கிய காரணத்தோடு, தனி அட்டவணையாக இணையுங்கள். மூலத் தரவுகளில் ஆர்என்ஏவோடு டிஎன்ஏவையும் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றி, இரண்டுக்கும் ஒரே செடியின் எண்ணை, குளோன் பெயரோடும் கொழுந்து கிள்ளிய நாளோடும், குறிப்பிடுங்கள்.